கல்லூரியும் தொழிற்சாலையும் கைகோப்பது எப்படி? பொறியியல் துறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரு கார்பன் வளையம் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பளபளப்பாக இருக்க வேண்டிய அதன் முகத்தில் வட்டவட்டமாகக் கோடு விழுந்திருக்கிறது. விளிம்பு இரண்டு இடத்தில் உதிர்ந்திருக்கிறது. ஒரு தண்ணீர் பம்பின் மெக்கானிக்கல் சீலில் இருந்து கழற்றியது; சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் பாகம் அது. இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் ஒரு செமஸ்டர் முழுக்க இதன் பின்னால்தான் அலைந்தார்கள். கல்லூரி–தொழிற்சாலைக் கூட்டுறவு பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த வளையம் கற்றுக்கொடுத்தது.

அதற்கு முன்பு நான் பார்த்த கூட்டுறவு வேறு மாதிரி. ஒரு நிறுவனத்தோடு ஐந்தாண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டோம். மேடை, புகைப்படம், செய்திக்குறிப்பு எல்லாம் ஆயிற்று. ஐந்தாண்டு முடிந்தபோது எங்கள் மாணவர் ஒருவர்கூட அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டியிருக்கவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு தரப்பும் நல்ல எண்ணத்தோடுதான் கையெழுத்திட்டோம். ஆனால் திங்கட்கிழமை காலையில் யார் யாரைக் கூப்பிட வேண்டும், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அந்தத் தாளில் எங்குமே எழுதியிருக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் படித்து முடித்துப் போன மாணவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இந்த வழிகாட்டி, தொழில்துறைத் தொடர்புப் பொறுப்பு தலையில் வந்து விழுந்த ஆசிரியருக்கானது. மாணவர்களை உள்ளே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தொழிற்சாலைப் பொறியாளரும் படிக்கலாம். அவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

தொடங்கும் முன்: எந்த வகை உங்களுக்கு?

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 27 மாணவர்களோடு ஒரு முறையைத் தொடங்கினார். மாணவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒரு வாரம் ஜோடியில் ஒருவர் வகுப்பில் இருப்பார், மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். தொழிற்சாலையின் பக்கம் நின்று இதைப் பாருங்கள்: அந்த மெஷின் முன்னால் எந்த வாரமும் ஆள் இல்லாமல் போகாது. மாணவருக்கு நல்லது என்பதோடு, தொழிற்சாலையின் அன்றாடமும் குலையாதபடி வடிவமைத்தார். நூற்றாண்டு கடந்தும் அந்த முறை நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் இதே முறையோடுதான் பிறந்தது. இன்று அங்கே பொறியியல் மாணவர்கள் நான்கு மாதப் படிப்பும் நான்கு மாத வேலையுமாக மாறிமாறிப் போகிறார்கள். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1974-ல் தொடங்கிய இரட்டைக் கல்வி முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மாணவர் முதலில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகுப்புக்கும் வேலைக்கும் மாறுகிறார். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாதங்களிலும் நிறுவனம் சம்பளம் தருகிறது. அந்தக் கல்வி நிலையங்கள் 2009-ல் ஒரே பல்கலைக்கழகமாக ஆயின.

இவையெல்லாம் முழுக் கால அட்டவணையையே மாற்றிப் போடக் கேட்பவை. ஒரு துறைத் தலைவர் தனியாக முடிவெடுத்துச் செய்துவிட முடியாது. நாளைக்கே தொடங்கக்கூடியது வேறொன்று. கலிஃபோர்னியாவில் உள்ள ஹார்வி மட் கல்லூரி 1963-ல் தொடங்கிய ‘கிளினிக்’ முறை அது. மருத்துவ மாணவர்கள் உண்மையான நோயாளியைப் பார்த்துக் கற்கிறார்கள் அல்லவா, அதுபோலப் பொறியியல் மாணவர்கள் உண்மையான சிக்கலைப் பார்த்துக் கற்கட்டும் என்பது யோசனை. நான்கைந்து மாணவர்கள், ஒரு ஆசிரியர், நிறுவனத்தின் பக்கம் ஒரு தொடர்பாளர், ஒரு கல்வியாண்டு, ஒரே ஒரு சிக்கல். நிறுவனம் அதற்குக் கட்டணம் செலுத்துகிறது. இறுதியாண்டு புராஜெக்ட் ஏற்கெனவே எல்லாத் துறைகளிலும் இருப்பதால், பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாற்றாமல் இதைத் தொடங்கிவிடலாம். கீழே சொல்பவை பெரும்பாலும் இந்த வகைக்கானவை.

படி 1: மாணவருக்கு முன்னால் ஆசிரியர் போகட்டும்

தொழிற்சாலைக்குள் கடைசியாக நுழைந்து பத்து வருடமான ஆசிரியர் மாணவரை அனுப்பினால், மாணவர் கொண்டுவரும் கேள்வி அவருக்கே புரியாது. விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் போய் இருங்கள். கூட்ட அறையில் உட்காராதீர்கள். பராமரிப்புப் பிரிவில் இருங்கள், தரக் கட்டுப்பாட்டு மேசையில் இருங்கள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்று கவனியுங்கள். பிரேக்டவுன் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆறு மாதப் பதிவேட்டில் ஒரே மெஷினின் பெயர் திரும்பத் திரும்ப வரும். உங்கள் முதல் புராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது.

நான் அப்படிப் போனபோது டாலரன்ஸ் (ஒரு பாகத்தின் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) பற்றி இருபது வருடமாக நான் நடத்திய பாடத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. டிராயிங்கில் எண்ணை எப்படிக் குறிப்பது என்று நடத்தியிருந்தேன். அந்த எண்ணை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் எந்த மெஷினில் செய்ய வேண்டியிருக்கும், எந்த கேஜில் அளக்க வேண்டியிருக்கும், எத்தனை பாகம் கழிவுக்குப் போகும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்திருக்கவும் இல்லை.

படி 2: சரியான ஆளைத் தேடுங்கள்

கல்லூரிகள் வழக்கமாக ஹெச்ஆர் பிரிவைத்தான் அணுகுகின்றன. ஹெச்ஆர் பிரிவு வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிப் பேசும்; பேச்சு பிளேஸ்மென்டில் போய் முடியும். அது தேவைதான், ஆனால் கல்விக் கூட்டுறவு அங்கே முளைப்பதில்லை. தலைமை நிர்வாகியிடம் போனால் வரவேற்பு நன்றாக இருக்கும், வேலை கீழே இறங்காது.

நீங்கள் தேட வேண்டியவர் நடுவில் இருப்பவர். பராமரிப்புப் பொறியாளர், உற்பத்தி மேலாளர், டிசைன் பிரிவில் குழுத் தலைவர். அவரிடம் ஒரு சிக்கல் இருக்கும். மாதக்கணக்காக மண்டையைக் குடையும். உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. உங்கள் பழைய மாணவர்களில் படிப்பை முடித்து ஐந்தாறு வருடம் ஆனவர்களை முதலில் கூப்பிடுங்கள். அவர்களுக்கு வகுப்பறையும் மறந்திருக்காது, ஷாப் ஃப்ளோரும் பழகியிருக்கும். “உங்களால் என்ன செய்ய முடியும்?” என்று கேட்காதீர்கள். “எது உங்களைத் தூங்கவிடாமல் படுத்துகிறது?” என்று கேளுங்கள்.

சிறு நிறுவனங்களை விட்டுவிடாதீர்கள். ஆராய்ச்சிப் பிரிவு வைத்துக்கொள்ள வசதி இல்லாத அவர்களுக்குத்தான் உங்கள் ஆய்வகம் அதிகம் தேவைப்படுகிறது. முதலாளியே வந்து மாணவர் பக்கத்தில் நிற்பார். தனியாகச் செலவு தாங்க முடியாது என்றால், ஒரே தொழில் செய்யும் நான்கைந்து பேரைச் சேர்த்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: சிக்கலைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றியோ முழுத் தோல்வியோ இங்கேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் உயிர்நாடியான வேலையை எடுக்காதீர்கள். அடுத்த மாதம் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டிய பொருளின் வடிவமைப்பை மாணவர் கையில் கொடுத்தால், மூன்றாவது வாரமே பொறியாளர் பதறிப்போய்த் தானே செய்துவிடுவார். மாணவர் வேடிக்கை பார்ப்பார். அதே சமயம், யாருக்கும் வேண்டாத சிக்கலையும் எடுக்காதீர்கள். பழைய டிராயிங்குகளைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்வது, தரவுகளைத் தட்டச்சு செய்யச் சொல்வது இவையெல்லாம் சம்பளம் இல்லாத வேலையாள் தேடுவது. அதை மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிட வேண்டும். தீர்க்காவிட்டால் தொழிற்சாலை நிற்காது, தீர்த்தால் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார். உங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட சிக்கல்.

இன்னொன்று, அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். “உற்பத்தித் திறனை மேம்படுத்துதல்” என்று வரும் தலைப்பை வாங்கி அப்படியே பதிவு செய்யாதீர்கள். எங்கள் பம்ப் புராஜெக்டும் முதலில் “பம்பின் செயல்திறனை மேம்படுத்துதல்” என்றுதான் வந்தது. பொறியாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகு அது இப்படி மாறியது: “இரண்டாம் எண் பம்பின் மெக்கானிக்கல் சீல் ஒரு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும். ஏழெட்டு வாரத்திலேயே போய்விடுகிறது. பக்கத்தில் அதே மாடல் முதல் எண் பம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஏன்?” கடைசியில் இருக்கும் அந்த ‘ஏன்’தான் மாணவரை இழுக்கும். பக்கத்திலேயே ஒழுங்காக ஓடும் இன்னொரு பம்ப் இருப்பது ஒரு கொடை. ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

கால அளவு மூன்றாவது. ஒரு செமஸ்டர் என்பது தேர்வு, விடுமுறை எல்லாம் போக உருப்படியாகப் பன்னிரண்டு வாரம். அதில் முதல் மூன்று வாரம் இடத்தைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும். சிக்கல் அதற்குள் அடங்காவிட்டால் வெட்டிச் சின்னதாக்குங்கள். அடுத்த அணி மிச்சத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

ஆராய்ச்சி அளவிலான கூட்டுறவுக்குப் போகிறவர்கள் நாசாவில் தோன்றிய தொழில்நுட்ப முதிர்ச்சி அளவுகோலை அறிந்துகொள்வது நல்லது. ஒன்று முதல் ஒன்பது வரை படிநிலைகள். அடிப்படைக் கொள்கையைக் கண்டறிவது ஒன்று. உண்மையான சூழலில் நிரூபித்து ஓடிக்கொண்டிருப்பது ஒன்பது. பல்கலைக்கழகம் பொதுவாக மூன்று நான்கோடு நின்றுவிடுகிறது. நிறுவனம் ஏழுக்குக் கீழே கை வைக்கத் தயங்குகிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் பல நல்ல யோசனைகள் மாண்டுபோகின்றன. முதல் சந்திப்பிலேயே “நாம் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் நிறுத்தப் போகிறோம்?” என்று பேசிவிட்டால், பிற்பாடு வரும் மனக்கசப்பில் பாதி குறையும்.

படி 4: ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

புரிந்துணர்வு ஒப்பந்தம் வரட்டும், மெதுவாக வரட்டும். அதற்கு முன் ஒரு பக்கத் தாள் ஒன்று போதும். சிக்கல் மூன்று வரியில். எது இந்த வேலையில் சேராது என்பது இரண்டு வரியில். எந்தத் தரவு, எந்தத் தேதிக்குள், யார் கொடுப்பார் என்பது. இரண்டு பக்கமும் தலா ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், அந்த ஆள் விடுப்பில் போனால் மாற்று ஆள். மூன்று தேதிகள்: நேரில் பார்ப்பது, இடைக்கால ஆய்வு, இறுதி விளக்கம். அவ்வளவுதான்.

மாற்று ஆளின் பெயரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் அறிந்தவரை, நடுவில் நின்றுபோன கூட்டுறவுகளில் பெரும்பாலானவை சண்டை போட்டு நின்றவை அல்ல. தொடர்பாளர் வேறு வேலைக்குப் போனார், அவர் இடத்துக்கு வந்தவருக்கு இது பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் காரணம்.

படி 5: கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

இந்தப் பேச்சைத் தள்ளிப்போடத்தான் எல்லோருக்கும் ஆசை. தள்ளிப்போட்டால் வலிக்கும். ஒருமுறை எங்கள் மாணவர் குழு ஒரு பிடிமானக் கருவிக்கு அழகான வடிவம் கண்டுபிடித்தது. நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க நினைத்திருந்தது. அதற்குள் மாணவர்கள் துறைக் கண்காட்சியில் போஸ்டர் வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஐரோப்பியக் காப்புரிமை முறையில், விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளியிட்ட ஒன்று, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, புதுமை என்ற தகுதியை இழந்துவிடுகிறது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. ஒரு போஸ்டர், ஒரு திறந்த வைவா, இணையத்தில் போட்ட ஒரு ஆய்வுச் சுருக்கம் எல்லாமே வெளியீடுதான்.

சொத்துரிமையில் வழக்கமாக மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. முழுவதும் நிறுவனத்துக்கு என்பது ஒன்று. ஹார்வி மட் கிளினிக் அப்படித்தான் வைத்திருக்கிறது, கட்டணம் செலுத்தும் நிறுவனம் தயக்கமில்லாமல் வருகிறது. பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் உரிமம் தருவது இரண்டாவது. கூட்டாக வைத்துக்கொள்வது மூன்றாவது. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் பிற்பாடு ஒவ்வொரு முடிவுக்கும் இருவர் கையெழுத்தும் தேவைப்பட்டு இழுபறியாகும். இளங்கலைப் புராஜெக்டுக்கு முதல் ஏற்பாடு போதும் என்பது என் கருத்து. ஆனால் ஆசிரியரின் நீண்டகால ஆராய்ச்சியிலிருந்து வரும் அறிவை அதோடு சேர்த்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ‘முன்பே இருந்த அறிவு’, ‘இந்த வேலையில் பிறந்த அறிவு’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பிரிட்டனில் 2003-ல் வெளிவந்த லாம்பர்ட் அறிக்கைக்குப் பிறகு, இப்படிப் பல ஏற்பாடுகளுக்கும் மாதிரி ஒப்பந்தங்கள் தயாரித்துப் பொதுவில் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வழக்கறிஞர்கள் வெற்றுத் தாளில் தொடங்க வேண்டியதில்லை என்பதுதான் நோக்கம். உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ப அப்படி ஒரு மாதிரியைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் நேரம் மிச்சம்.

மாணவர் ஊழியர் அல்ல என்பதை மறக்காதீர்கள். பல நாடுகளில் ஊழியர் கண்டுபிடிப்பதுதான் இயல்பாக முதலாளிக்குப் போகும். மாணவர் கண்டுபிடிப்பது அவருடையது. எழுதித் தர வேண்டும் என்றால் அதை செமஸ்டர் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்ல வேண்டும், விருப்பமில்லாதவருக்கு மாற்றுப் புராஜெக்ட் இருக்க வேண்டும். அவர் பெயர் காப்புரிமையில் கண்டுபிடித்தவராக இடம்பெற வேண்டும்.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியை விடாதீர்கள்: நிறுவனம் புராஜெக்ட் அறிக்கையைப் படித்து ஆட்சேபம் சொல்ல 30 நாள் போன்ற ஒரு கெடு. கெடு இல்லாவிட்டால் அறிக்கை யாரோ ஒருவர் மேசையில் தூங்கும், மாணவரின் பட்டம் தள்ளிப்போகும். தேர்வாளர் பார்ப்பதற்கு எந்த நிலையிலும் தடை இருக்கக் கூடாது.

படி 6: காலண்டர், பணம், பாதுகாப்பு

கல்லூரியின் கடிகாரமும் தொழிற்சாலையின் கடிகாரமும் வேறு. அவர்களுக்குக் காலாண்டு முடிவு. நமக்குத் தேர்வு வாரம். செமஸ்டர் தொடங்கிய பிறகு சிக்கல் தேடப் போனால் தாமதம். ஆறேழு வாரத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். தேர்வு வாரங்களில் மாணவர் வர மாட்டார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் காணாமல் போனால் அலட்சியம் என்று நினைப்பார்கள்.

பணத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். பொருட்செலவு, பயணச்செலவு, ஆய்வகச் சோதனைச் செலவு யார் தருவது என்று எழுதிவிடுங்கள். நிறுவனத்துக்காக மாதக்கணக்கில் வேலை செய்யும் மாணவருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து பணம் வரும் மாணவரால் மட்டுமே போக முடிகிற பயிற்சி நியாயமானதல்ல. ஆனால் நிறுவனத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பணமல்ல, அவர்களுடைய பொறியாளரின் நேரம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நிச்சயம் என்றால் போதும். அது இல்லாமல் எவ்வளவு பணம் வந்தாலும் புராஜெக்ட் நகராது.

பாதுகாப்புப் பயிற்சி, காப்பீடு, ஷூ, கண்ணாடி. இவை முடியாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. மெஷினைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை மாட்டும் முறையை மாணவர் தன் கையால் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

படி 7: செமஸ்டர் ஓடும்போது

பம்ப் அணிக்கு வருகிறேன். மாணவர்கள் வைப்ரேஷன்தான் காரணம் என்று நம்பினார்கள். சென்சார் மாட்டினார்கள், மூன்று வாரம் அளந்தார்கள், அதிர்வெண் படம் அழகாக வந்தது. இரண்டு பம்புக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தது. ஷாஃப்ட் அலைன்மென்ட், அதாவது பம்பின் தண்டும் மோட்டாரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. ஏழாவது வாரம் வாடிய முகத்தோடு பம்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் மூத்த ஆபரேட்டர் ஒருவர் கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“ஏம்மா, ஒழுக ஆரம்பிக்கிறது எப்பவும் திங்கட்கிழமைதான். அதைக் கவனிச்சீங்களா?”

யாரும் கவனித்திருக்கவில்லை. பதிவேட்டில் தேதி இருந்தது, கிழமை இல்லை. அணியில் இருந்த மாணவி தன் போனில் காலண்டரைத் திறந்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தாள். கடைசி ஆறு பழுதில் ஐந்து திங்கள். “அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாதா?” என்றாள். ஓடாது. அங்கிருந்து எல்லாம் கடகடவென்று வந்தது. சக்‌ஷன் பைப்பின் அடியில், உறிஞ்சிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை. விடுமுறை நாளில் பைப்பிலிருந்த தண்ணீர் மெல்லக் கீழே இறங்கிவிடும். திங்கள் காலை சுவிட்சைப் போட்டால் பம்புக்குள் தண்ணீர் இல்லை, காற்றுதான். மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் உராய்வு குறையும், சூடு வெளியேறும். படலம் இல்லாமல் சில நிமிடம் சுற்றினாலே கார்பன் முகம் தேய்ந்து கோடு விழும். பழுது சீலில் தெரிந்தது. காரணம் சில மீட்டருக்குக் கீழே தண்ணீருக்குள் இருந்தது.

இந்த மூன்று வார வீண் அலைச்சலை நான் முன்பே தடுத்திருக்கலாமா என்று யோசித்தது உண்டு. தடுக்காதது நல்லது என்றே இன்று நினைக்கிறேன். ஆனால் முதல் வாரத்திலேயே ஆபரேட்டரோடு அரை நாள் நிற்க வைத்திருக்கலாம். இப்போது எல்லா அணிகளுக்கும் அது கட்டாயம்.

நடைமுறையில் சொல்வதென்றால்: வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், குறித்த கிழமை, குறித்த நேரம், நிறுவனத் தொடர்பாளரோடு பேச்சு. மாணவர்தான் பேச வேண்டும்; ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். போன வாரம் என்ன செய்தோம், என்ன தெரிந்தது, எங்கே முட்டி நிற்கிறோம். ஒவ்வொருவரும் தனித்தனி லாக்புக் வைத்திருக்கட்டும், தவறிப்போன ஊகங்களும் அதில் இருக்கட்டும். ஆறாவது வாரத்தில் ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். தொலைபேசியில் “எல்லாம் நல்லா போகுது சார்” என்றுதான் வரும்.

படி 8: மதிப்பெண்

மதிப்பெண் போடுவது பல்கலைக்கழகத்தின் வேலை. நிறுவனத்தின் கருத்தைக் கேளுங்கள், எடை கொடுங்கள், ஆனால் பேனாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் விடையைப் பார்ப்பார்கள். நாம் விடைக்குப் போன வழியைப் பார்க்க வேண்டும். தீர்வு கிடைக்காத அணிக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் சுலபமான சிக்கலைத்தான் தேடுவார்கள். அணிக்குள் யார் உழைத்தார் என்பதை உறுப்பினர்களே ஒருவரையொருவர் பற்றி ரகசியமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

1989-ல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கை, பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே ஏற்பதற்கான ஏற்பாடு. அதன் பட்டதாரிப் பண்புகளில் குழுவாக வேலை செய்வதும், தெளிவாக எடுத்துச் சொல்வதும், தொழில் நெறியும் இடம்பெறுகின்றன. இவற்றை எழுத்துத் தேர்வில் அளக்க நாம் படும் பாடு எல்லா ஆசிரியருக்கும் தெரியும். பம்ப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் கண்ணால் பார்க்கலாம்.

படி 9: வகுப்பறைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்

புராஜெக்ட் முடிந்து அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டால் நான்கு மாணவர்கள் பயனடைந்தார்கள், அவ்வளவுதான். பாடத்துக்குள் வர வேண்டும்.

இங்கே ஒரு உரசல் வரும். பாடத்திட்டக் குழுவுக்கு வரும் நிறுவனத்தினர் “இந்த மென்பொருளைச் சொல்லிக்கொடுங்கள்” என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். நாளைக்கே வேலைக்கு ஆள் வேண்டும். ஆனால் அந்த மென்பொருள் சில வருடத்தில் மாறிவிடும், மாணவர் நாற்பது வருடம் வேலை செய்யப் போகிறார். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: “அந்த மென்பொருளை வைத்து உங்கள் பொறியாளர் என்ன முடிவெடுக்கிறார்? எந்த முடிவில் புதிதாக வருபவர்கள் தவறு செய்கிறார்கள்?” பதில் பெரும்பாலும் அடிப்படையில் போய் நிற்கும். எல்லை நிலைமைகளைத் தவறாகக் கொடுக்கிறார்கள், அலகைக் கவனிப்பதில்லை, கணினி தந்த எண் சாத்தியமா என்று கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அதைப் பாடத்தில் சேர்க்கலாம். எந்த நிறுவனத்துக்கும் பயன்படும். கருவியைப் பிடிக்கக் கற்பதற்கு விடுமுறையில் இரண்டு வாரப் பயிற்சி போதும்.

குழுவில் உயர் பதவியில் இருப்பவர்களை மட்டும் வைக்காதீர்கள். படிப்பை முடித்து மூன்று வருடமான இரண்டு பேரை உட்கார வையுங்கள். முதல் வேலையில் எது தெரியாமல் விழித்தோம் என்று அவர்களுக்குத்தான் இன்னும் நினைவிருக்கும்.

ஒரு மணி நேரச் சிறப்புச் சொற்பொழிவுகளை நான் குறைத்துவிட்டேன். நிறுவனத்தின் பெருமையைச் சொல்லும் ஸ்லைடுகளோடு நேரம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பதில் ஒரு பொறியாளர் மூன்று வாரம் ஒரே தலைப்பை ஆசிரியரோடு சேர்ந்து நடத்தட்டும். உடைந்த பாகங்களைப் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். டென்மார்க்கின் ஆல்போர் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கிய நாளிலிருந்தே, புராஜெக்ட் வேலையைப் படிப்பின் நடுவில் வைத்தது; செமஸ்டரின் பாதியளவு அதற்கே போகிறது. எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் ஓர் அலகாவது உண்மையான ஒரு பழுதிலிருந்து தொடங்கினால் அதுவே நல்ல தொடக்கம்.

வருடக் கடைசியில் கணக்குப் பார்க்க

எத்தனை ஒப்பந்தம் என்று எண்ணாதீர்கள். போன வருடம் சிக்கல் கொடுத்த நிறுவனங்களில் எத்தனை பேர் இந்த வருடமும் தாமாகக் கூப்பிட்டார்கள்? மாணவர் சொன்ன தீர்வில் எத்தனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன? தொழிற்சாலையில் ஆசிரியர்கள் கழித்த நாட்கள் எத்தனை? பாடத்தில் எந்த அலகு மாறியது? இந்த நான்குக்கும் பதில் ஒரே தாளில் அடங்கிவிடும். எங்கள் முதல் வருடத் தாள் மிகச் சிறியது. ஒரே நிறுவனம், ஒரே பம்ப்.

அந்த நிறுவனம் ஃபுட் வால்வை மாற்றியது. பம்பில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும் என்று ஒரு பலகையும் மாட்டினார்கள். அதன்பின் நான் கேட்டறிந்தவரை பதினான்கு மாதம் சீல் போகவில்லை. கழற்றிய வளையத்தைப் பொறியாளர் மாணவர்களிடமே கொடுத்துவிட்டார். படிப்பு முடிந்து போகும்போது அவர்கள் என்னிடம் விட்டுப்போனார்கள். இரண்டாமாண்டு பாய்ம இயக்கவியல் வகுப்பில் பம்ப் பாடம் இப்போது இந்த வளையத்தைக் கைக்குக் கை மாற்றுவதில்தான் தொடங்குகிறது. சென்ற தேர்வில் வினா ஐந்தின் ‘ஆ’ பிரிவு: “ஒரு பம்பின் சீல் திங்கட்கிழமைகளில் மட்டும் பழுதாகிறது. சாத்தியமான காரணங்கள் மூன்றைக் கூறி, ஒவ்வொன்றையும் உறுதிப்படுத்த நீங்கள் எதை அளப்பீர்கள் என்று எழுதுக.”